பழைய ஸ்பேனரை எடைக்குப் போடாதீர்கள்



ஓசூர் சிப்காட்டில் உழைத்த அப்பா காலமானதும், அவர் டூல் பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை.

பெட்டியில் 1/4 டபிள்யூ என்று அச்சடித்த ஸ்பேனர் இருக்கிறதா பாருங்கள். வாயை அளந்தால் 13.3 மி.மீ. வரும். அச்சுப் பிழையல்ல. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த மரைக் கணக்கு அது. எண் போல்ட்டின் தடிமனைக் குறிக்கும், ஸ்பேனர் வாயை அல்ல. நம் நாட்டில் 1958-இல் மெட்ரிக் முறை வந்தாலும், பழைய லேத்திலும் பழைய புல்லட்டிலும் இந்த நட்டுகள் இன்னும் உண்டு. 13-ஆம் நம்பர் சரியாக நுழையாது. 14-ஐப் போட்டுத் திருகினால் நட்டு மழுங்கிவிடும். அப்புறம் உளிதான்!

துருவுக்கு மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் போதும். கிரைண்டரில் பளபளப்பாக்கி எண்ணை அழிப்பவர்கள்மேல் எனக்குக் கோபம். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பவர்கள்மேலும் கொஞ்சம் உண்டு. ஸ்பேனர் திருகத்தானே?

பிடியைத் திருப்பிப் பாருங்கள். திருட்டுப் போகாமலிருக்க அப்பா தன் பெயரின் முதலெழுத்தைப் பஞ்ச் வைத்துக் குத்தியிருப்பார். அதையுமா கிலோ கணக்கில் விற்பது?

வேண்டாமென்றால் கெலவரப்பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். பழைய புல்லட்டோடு மல்லுக்கட்டும் பையன்கள் நம் மாணவர்களிலேயே இருக்கிறார்கள்.