பூண்டிக்கு நடக்க வருவோருக்கு ஒரு வேண்டுகோள்



திருவள்ளூர், பூண்டி வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி நடப்பவர்கள் நாங்கள். சங்கம் இல்லை, சந்தா இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஒரு டீக்கடைக்காரர் என்று பத்துப் பதினைந்து பேர் இருப்போம். பூண்டி ஏரிக்கு வாருங்கள் என்று அழைக்கவும், வந்த இடத்தில் இரண்டு காரியங்களை மட்டும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவும் இதை எழுதுகிறோம்.

வருவது எளிது. சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கினால் பூண்டிக்குப் பேருந்து கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவர்களும் நடக்கலாம், ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. தை, மாசியில் விடியற்காலையில் வந்தால் கூழைக்கடாக்களைப் பார்க்கலாம். சித்திரையில் வந்து வெயிலைத் திட்டாதீர்கள். கரையில் எல்லா இடத்துக்கும் அனுமதி கிடையாது. நீர்வளத்துறைப் பணியாளர் ‘போகாதீங்க’ என்றால், வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

ஊன்றீஸ்வரர் கோயிலையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போங்கள். பார்வை இழந்து வந்த சுந்தரருக்குச் சிவன் ஊன்றுகோல் கொடுத்ததாகச் சொல்லப்படும் திருவெண்பாக்கம் இதுதான். நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போக, கோயிலை இங்கே மாற்றி எழுப்பினார்கள். நடப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சாமி கிடையாது என்பது எங்கள் டீக்கடைக்காரரின் கட்சி.

இந்த நீர்த்தேக்கத்தின் முழுப் பெயர் சத்தியமூர்த்தி சாகர். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க மேயராக இருந்த சத்தியமூர்த்தி முயன்று தொடங்க வைத்த வேலை இது. 1944-இல் திறந்தபோது பார்க்க அவர் உயிரோடு இல்லை, முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். கொசஸ்தலை ஆற்றை மறித்த இந்த ஏரியில் 35 அடி உயரத்துக்கு, 3,231 மில்லியன் கனஅடி நீர் நிற்கும். ஆந்திராவுடன் செய்த 1983 ஒப்பந்தப்படி வரும் கிருஷ்ணா நீரும் கண்டலேறு கால்வாய் வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. இங்கிருந்து கால்வாய்களில் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போய், பிறகு உங்கள் வீட்டுக் குழாயில் விழுகிறது. காரில் வந்து கரையோரம் உட்கார்ந்து குடித்துவிட்டுப் புட்டியைப் பாறையில் வீசி உடைக்கும் தம்பிகளுக்குத் தெரியாமல் இருப்பது இந்த ஒரு விஷயம்தான் என்று நம்ப விரும்புகிறோம். போன மாதம் ஒரே காலையில் மூன்று கோணி நிறையக் கண்ணாடிச் சில்லு பொறுக்கினோம். நீர் வற்றும்போது மாடு மேய்க்க ஏரிக்குள் இறங்குபவர்கள் பலர் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். கொண்டுவந்த புட்டி, பை, தட்டு எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுபோய்விடுங்கள். இது முதல் வேண்டுகோள், புதிதும் அல்ல.

இரண்டாவதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தோம். இங்கே தரையில் கிடக்கும் கல்லை எடுக்காதீர்கள்.

பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். பிற்காலத்தில் தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் ஆண்டுக்கணக்கில் அகழ்ந்து, அங்குள்ள கைக்கோடரிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் பழையவை என்று 2011-இல் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வு அது. அந்தக் கருவிகள் பொன்னும் மணியும் அல்ல, குவார்ட்சைட் கற்கள். இருபுறமும் செதுக்கி, இலை வடிவில், உள்ளங்கைக்கு அடக்கமாக இருக்கும். ஓடைக்கரையிலோ செம்மண் அரிப்பிலோ உங்கள் செருப்பில் இடறுவதும் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

எங்களில் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு கல்லை எடுத்துக்கொண்டு போனார். மூன்று வருடம் அது அவர் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தது. பிறகு மனம் உறுத்த, பூண்டியில் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்றார். ‘எங்கே எடுத்தீங்க, எந்த ஆழத்துல கிடந்துச்சு?’ என்று கேட்டார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எந்த மண்ணடுக்கில், எந்தக் கற்களோடு கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைக் கணிக்க முடியும். அது தெரியாவிட்டால் அழகாகச் செதுக்கிய ஒரு கல், அவ்வளவே. அவர் இப்போதும் எங்களோடு நடக்கிறார். யாராவது குனிந்தால் முதலில் அதட்டுபவர் அவர்தான்.

பார்த்தால் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு மரமோ மைல்கல்லோ தெரியும்படி எடுத்தால் நல்லது. கல்லை அங்கேயே விட்டுவிட்டு, அருங்காட்சியகத்தில் படத்தைக் காட்டிச் சொல்லுங்கள். பக்கத்துக் காட்டிலிருக்கும் குடியம் குகை வரை போக ஆசைப்படுகிறவர்கள் அது காப்புக்காடு என்பதை நினைவில் வைத்து, வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்கள் முதலில் அருங்காட்சியகத்துக்குள் கூட்டிப்போய் உண்மையான கைக்கோடரியைக் காட்டிவிட்டு, அதன் பிறகு நடக்க விடுங்கள். எதைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரியும்.

முன்பே எடுத்துப்போய் வீட்டு அலமாரியில் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். உங்களை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. எடுத்த இடம் நினைவில் இருக்கும்போதே அதை ஒரு சீட்டில் எழுதி, கல்லோடு அருங்காட்சியகத்தில் கொடுத்துவிடுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், ஒரு ஞாயிறு காலை வாருங்கள், நாங்களும் கூட வருகிறோம்.

இப்படிக்கு,
பூண்டி வட்டார ஞாயிறு நடையர்