விட்டுவிடு என்றால் போதுமா?

கைபேசி நன்மையா, தீமையா என்று பட்டிமன்றம் நடத்தி நமக்கெல்லாம் அலுத்துவிட்டது. இரண்டு அணியினரும் தொண்டை வற்றப் பேசுவார்கள். நடுவர், “அளவோடு பயன்படுத்தினால் நன்மையே” என்று தீர்ப்புக் கூறுவார். கைதட்டல் ஓயுமுன்பே அரங்கின் பின்வரிசையில் பெரியவர்களின் மடியில் ஒவ்வொன்றாகத் திரைகள் ஒளிரத் தொடங்கும். அந்த “அளவு” எது, அதை நிர்ணயிப்பவர் யார், நிர்ணயித்தாலும் விரல் அதற்குக் கட்டுப்படுமா என்று எந்த நடுவரும் பேசியதாக நமக்கு நினைவில்லை. ஆகவே அதைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் போன்றவற்றை விட்டுவிட வேண்டும் என்று மாணவியராகிய நமக்குச் சொல்லாதவர் இல்லை. சொல்வதில் தவறும் இல்லை. சொல்லும் முறையில்தான் நமக்குக் கருத்து வேறுபாடு. “மனத்தில் உறுதி இருந்தால் விட்டுவிடலாம்” என்கிறார்கள். உறுதி இல்லாத பெண்களா நாம்? பொதுத் தேர்வுக்காக விடியற்காலை நான்கு மணிக்கு எழுகிறோம். தவக்காலத்தில் பிடித்த பண்டத்தை நாற்பது நாள் தொடாமல் இருக்கிறோம். அப்படிப்பட்ட நாம் கணக்குப் புத்தகத்தைத் திறந்த பத்தாவது நிமிடத்தில் ஏன் கைபேசியைத் தேடுகிறோம்? குறை மன உறுதியில் மட்டும் இருக்க முடியாது. அந்தத் தேடலே நம்மிடம் வளர்க்கப்பட்டது என்பதுதான் நம் வாதம்.

பி.எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளநூல் அறிஞர் புறாக்களைப் பெட்டிக்குள் வைத்துப் பல சோதனைகள் செய்தார். பெட்டியிலுள்ள பொத்தானைக் கொத்தினால் தீனி கிடைக்கும். எத்தனை முறை கொத்தினால் கிடைக்கும் என்பது தெரியாதபடி, சில வேளை உடனேயும் சில வேளை வெகு நேரம் கழித்தும் தீனி கொடுத்தபோது, புறா ஓயாமல் கொத்தியது. தீனியை நிறுத்திய பிறகும் எளிதில் விடவில்லை. ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957-ல் இத்தகைய சோதனைகளைப் பெரிய நூலாகவே வெளியிட்டார்கள். காசு போட்டு இழுக்கும் சூதாட்ட இயந்திரத்தின் இரகசியமும் இதுவே.

இப்போது கைபேசியைப் பாருங்கள். திரையைக் கீழே இழுத்துவிடுகிறோம். ஒரு முறை இருபது பேர் நம் படத்திற்கு விருப்பம் தெரிவித்திருப்பார்கள். மறுமுறை ஒன்றுமிராது. ஒன்றுமில்லாமல் போனதால் அலுத்துப்போய்க் கீழே வைத்துவிடுகிறோமா? இல்லை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்கிறோம். புறாவைப் பார்த்துச் சிரிப்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இதை அமைத்தவர்களே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நூலில் அத்தியாயம் முடியும்; பழைய திரைப்படத்தில் “வணக்கம்” என்று எழுத்து வரும்; அங்கே எழுந்துகொள்ளலாம். முடிவே இல்லாமல் தள்ளிக்கொண்டே போகும் திரை முறையை 2006-ல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின். அதன் விளைவைக் கண்டு வருந்துவதாக அவரே பின்னாளில் கூறினார். ஃபேஸ்புக்கில் 2009-ல் வந்த “லைக்” பொத்தானை உருவாக்கியவர்களில் ஜஸ்டின் ரோசன்ஸ்டைன் என்பவரும் ஒருவர். அவர் தம் கைபேசியில் புதிய செயலிகளை இறக்க முடியாதபடி, பிள்ளைகளுக்குப் போடும் பூட்டைத் தமக்கே போட்டுக்கொண்டார் என்ற செய்தி 2017-ல் வெளிவந்தது. படித்தவர், வயதில் பெரியவர், பொத்தானின் சூட்சுமம் முழுவதும் அறிந்தவர். அவரே மன உறுதியை நம்பவில்லை, பூட்டைத்தான் நம்பினார்! பதினைந்து வயதுப் பெண்ணிடம் மட்டும் உறுதியை எதிர்பார்ப்பது நியாயந்தானா?

ஸ்னாப்சாட்டில் “ஸ்ட்ரீக்” என்று ஒன்று இருப்பதைப் பெற்றோர் பலர் அறியமாட்டார்கள். இரு தோழியர் நாள் தவறாமல் ஒருவருக்கொருவர் படம் அனுப்பிக்கொண்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு நெருப்புச் சின்னமும் நாட்களின் எண்ணிக்கையும் தோன்றும். ஒரு நாள் விட்டால் போயிற்று, நெருப்பு அணைந்துவிடும். இதற்காக அனுப்பப்படும் படங்களில் பெரும்பாலானவை சுவர், கூரை, மின்விசிறி, பாதி நெற்றி. செய்தி என்று ஒரு சொல்லும் அதில் இராது. தேர்வு நாட்களில் தன் கடவுச்சொல்லையே தோழியிடம் ஒப்படைத்து, “எனக்குப் பதிலாக நீ அனுப்பிவிடடி” என்று சொல்லும் பெண்கள் உண்டு. கேட்பவருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஓர் அச்சம் இருக்கிறது. எண்ணிக்கை அறுந்தால் நட்பும் அறுந்துவிடுமோ என்ற அச்சம் அது. பெண்களாகிய நாம் கைபேசியை விட முடியாமல் தவிப்பது பெரும்பாலும் அதன் மீதுள்ள ஆசையால் அன்று. விட்டவளை மற்றவர்கள் மறந்துவிடுவார்களோ என்ற பயத்தால்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் கைபேசியைப் பிடுங்கினால் அழுகைதான் மிஞ்சும்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். இன்ஸ்டாகிராமின் உரிமை நிறுவனம் தனக்குள்ளே நடத்திய ஆய்வுகளை, அங்கே பணிபுரிந்த ஃபிரான்சஸ் ஹாகென் என்ற பெண்மணி 2021-ல் வெளிக்கொணர்ந்தார். தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்திய பருவப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தை மேலும் கூட்டியதாகக் கூறியிருந்தனர். பார்க்கப் பார்க்க மனம் நோகிறது. நொந்த மனம் ஆறுதல் தேடி மறுபடியும் அங்கேயே போகிறது. நிறத்தையும் பருமனையும் பற்றி நம் உறவினர் வீட்டுத் திருமணங்களில் கேட்பது போதாதென்று இது வேறு!

அப்படியானால் தடை செய்துவிட்டால் போதுமா? நம் நாட்டில் 2020 ஜூன் மாத இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கு “ரீல்ஸ்” தொடங்கியது. கூட்டம் அப்படியே இடம் மாறியது. கடை மூடியது, பழக்கம் மூடவில்லை. ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குட்பட்டோர் இத்தகைய தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் ஒன்று நமக்குப் பிடித்திருக்கிறது. அபராதம் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இல்லை, நிறுவனத்துக்குத்தான். பொறுப்பு யாருடையது என்பதை அந்த நாடு சரியாகக் கண்டுகொண்டது.

நம் விடுதி மாணவியரை எண்ணிப் பாருங்கள். வாரக்கணக்கில் கைபேசி இல்லாமல் படிக்கிறார்கள், பூப்பந்து ஆடுகிறார்கள், இரவு மணியடித்தால் உறங்குகிறார்கள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போன முதல் நாளே, உணவுத் தட்டின் பக்கத்தில் கைபேசி வந்துவிடுகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். அதே பெண், அதே மனம், அதே உறுதி. மாறியது இடம் மட்டுமே. ஆகவே மனத்தை மாற்றுவதற்கு முன் கைபேசி இருக்கும் இடத்தை மாற்ற வேண்டும் என்பது நம் துணிபு.

சென்ற தவக்காலத்தில் எங்கள் வகுப்பில் சிலர் சேர்ந்து அவ்வாறு செய்து பார்த்தோம். ஒருத்தி மட்டும் விட்டால் அவள் தனித்துப் போவாள். ஆறு பேர் ஒன்றாக விட்டால் விடுபட்டதே ஒரு கூட்டணியாகிவிடும். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினோம். மீண்டும் பார்க்க வேண்டுமானால் அதை இறக்கி, கடவுச்சொல்லைப் போட்டாக வேண்டும். அந்த இரண்டு நிமிடத் தொல்லையே பாதிப் பழக்கத்தைக் கொன்றது. முதல் வாரம் கட்டைவிரல் தானாகவே அந்தப் படம் இருந்த இடத்துக்குப் போய் நின்றது வேடிக்கை! பேருந்தில் பொழுது போகாமல் தவித்ததும் உண்மை. மூன்றாம் வாரத்தில் ஒருத்தி தன் பாட்டியிடம் குரோஷா பின்னக் கற்றுக்கொண்டாள். இன்னொருத்தி நன்றாகத் தூங்கினாள், அவ்வளவுதான். பெரிய அற்புதம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு இருவர் திரும்பிப் போனார்கள். நால்வர் போகவில்லை. கணக்கையே முழுவதுமாக அழிக்க விரும்புவோர் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஸ்டாகிராம் 30 நாள் காத்திருக்கும். அதற்குள் உள்ளே நுழைந்து, அழிக்கும்படி கேட்டதை ரத்துசெய்துவிட முடியும். அந்த 30 நாளைத் தோழியர் துணையோடு கடப்பது நல்லது.

பெற்றோரிடம் நாம் கேட்பது அதிகமில்லை. இரவில் எல்லாக் கைபேசிகளையும் கூடத்தில் ஒரே இடத்தில் மின்னேற்ற வையுங்கள். எல்லாம் என்றால் அப்பாவுடையதும் அம்மாவுடையதும் சேர்த்துத்தான். அலாரம் வைக்க வேண்டும் என்ற சாக்கு எழாதபடி ஓர் அலாரக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் குடும்பக் குழுவின் காலை வணக்கப் படங்களுக்குப் பதில் அனுப்பிக்கொண்டே, “நீ கைபேசியை வை” என்று மகளிடம் சொன்னால் அவள் எப்படி வைப்பாள்?

மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளிடமும் ஆசிரியைகளிடமும் பணிவோடு ஒரு விண்ணப்பம். வீட்டுப்பாடமும் தேர்வு அட்டவணையும் இப்போது மாலை ஏழு மணிக்கு வாட்ஸ்ஆப் குழுவில் வருகின்றன. அதைப் பார்க்கக் கைபேசியை எடுக்கும் கைக்கு அடுத்த கதவு ஒரு விரல் தொலைவில்தான் இருக்கிறது. கடைசிப் பாடவேளையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். நாங்கள் டைரியில் எழுதிக்கொள்கிறோம். அவசர அறிவிப்புகளைப் பெற்றோரின் எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள். அடுத்த கல்வியாண்டின் முதல் நாளிலிருந்து பத்தாம் வகுப்பில் மட்டுமாவது இதைத் தொடங்கினால், எங்களுக்குப் பின்வரும் தங்கைகளுக்கு மாலை ஏழு மணிக்குக் கைபேசியைத் தொட வேண்டிய காரணம் ஒன்று குறையும்.