பழமையும் ஒருநாள் புதுமையே

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆராதனைக்குக் கீர்த்தனை உகந்ததா, கீபோர்டும் டிரம்ஸும் உகந்தவையா என்று எங்கள் கிறிஸ்தவ சபைகளில் நிகழும் வாதத்தைக் கேட்கும்போதெல்லாம், இன்று சம்பிரதாயம் என்று நாம் போற்றும் கீர்த்தனைகளே, ஜெர்மானிய இராகங்களில் மொழிபெயர்ப்பு ஞானப்பாட்டுகள் ஒலித்த காலத்தில், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் வளர்த்த புதுமை என்பதும், குறத்தி குறி சொல்லும் ஜனரஞ்சகமான நாடக வடிவத்தைக் கையாண்டே அவர் 'பெத்லகேம் குறவஞ்சி'யை இயற்றினார் என்பதும் என் நினைவுக்கு வருகின்றன.

ஆகையால் வாத்தியம் எதுவாயினும் எனக்கு ஆட்சேபமில்லை. சபையார் வாய்திறந்து பாடுகிறார்களா என்பதே என் கேள்வி. சென்ற ஞாயிறன்று, ஒலிபெருக்கியின் முழக்கத்துக்கும் திரையில் விரைந்தோடிய எழுத்துகளுக்கும் ஈடுகொடுக்க இயலாமல், அட்டை கிழிந்த கீர்த்தனைப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி மௌனமாய் நின்ற மூதாட்டி ஒருவர், அதே கீபோர்டில் பழைய கீர்த்தனையொன்று மெல்லத் தொடங்கியதும், புத்தகத்தைத் திறவாமலே எல்லாச் சரணங்களையும் பாடி முடித்தார். பின்வரிசை இளைஞரும் பல்லவியில் சேர்ந்துகொண்டனர்.

பழைய கீர்த்தனையையும் புதிய வாத்தியத்தையும் ஒரே ஆராதனையில் இசைவிக்கப் போதகர்கள் மனம் வைப்பார்களாயின், இந்த வழக்குக்கு அவசியமே இராது.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை