கரண்ட் போனால் கதவு விழ வேண்டுமா, நிற்க வேண்டுமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லாருமே கேட்கும் கேள்வி, "இதில் என்னவெல்லாம் செய்யலாம்?" என்பதுதான். அடுத்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. "இது திடீரென்று நின்று போனால் என்ன ஆகும்?" லெட்டர் டைப் செய்து கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், சேவ் செய்யாத நாலு வரி போகும். அதே கம்ப்யூட்டருடன் கனமான இரும்புக் கதவு ஒன்றை இணைத்துவிட்டால் விஷயமே வேறு. அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம், காட்டுப்பன்றி பிடிக்க விவசாயிகள் தாங்களே செய்துகொள்ளும் ரிமோட் கதவுகளைப் பற்றிப் படித்தேன். கெட்டிக்காரத்தனமான வேலைகள்தான். ஆனால் சிலவற்றில் இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

முதலில் பன்றிக் கதை. அமெரிக்காவிற்குப் பன்றி சொந்த விலங்கு அல்ல. 1539ல் ஸ்பெயின் நாட்டு ஹெர்னாண்டோ டி சோட்டோ புளோரிடாவில் வந்து இறங்கியபோது, உணவிற்காகப் பன்றிகளையும் ஓட்டி வந்தார். பின்னால் குடியேறியவர்களின் பன்றிகளும் காட்டில் திரிந்தன. 1930களில் வேட்டைப் பிரியர்கள் ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளை டெக்சாஸில் கொண்டு வந்து விட்டார்கள். எல்லாம் கலந்து பெருகியதுதான் இன்றைய தொல்லை. நாடு முழுவதும் 60 லட்சத்திற்கும் மேல் இருப்பதாக அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்கிறது. 2011ல் ஹெலிகாப்டரில் இருந்து பன்றிகளைச் சுடலாம் என்று டெக்சாஸ் சட்டமே போட்டது என்றால் நிலைமையைப் புரிந்து கொள்ளலாம். (நம் நாட்டில் காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. எனவே இதைப் படித்துவிட்டு யாரும் தோட்டத்தில் கூண்டு கட்டக் கிளம்ப வேண்டாம்.)

பழைய பொறியில் ஒரு கம்பி இருக்கும். பன்றி உள்ளே வந்து அதைத் தட்டினால் கதவு விழும். இதில் இரண்டு கோளாறுகள். மக்காச்சோளம் தின்ன வரும் மான், ரக்கூன் எது தட்டினாலும் கதவு விழும். பன்றியே தட்டினாலும், முதலில் நுழைந்த இரண்டு மூன்றுதான் மாட்டும். தாய்ப்பன்றிகளும் குட்டிகளும் கூட்டமாகவே அலைபவை. வெளியே நின்றவை சத்தத்தைக் கேட்டு ஓடிவிடும், அதன்பின் அந்தக் கூண்டை நெருங்கவே நெருங்காது. ஒரு பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 115 நாள்தான். தப்பியவை சீக்கிரமே அந்த இடத்தை நிரப்பிவிடும். எனவே பிடித்தால் மொத்தக் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். நாள்கணக்கில் கதவைத் திறந்தே வைத்து, சோளம் போட்டுப் பழக்கி, எல்லாம் உள்ளே வந்த பிறகு மூட வேண்டும். ஓக்லஹோமாவில் நோபிள் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் நடத்தி 2018ல் வெளியிட்ட ஆய்வில், மேலே தொங்கவிட்டு அப்படியே கீழே இறக்கும் வட்டக் கூண்டு, அங்கிருந்த பன்றிகளில் ஏறத்தாழ 88 சதவீதத்தைப் பிடித்தது. சாதாரண வேலிப் பொறி பாதியைக்கூட எட்டவில்லை.

இரவு முழுக்கக் காட்டில் விழித்திருக்க முடியாதல்லவா? இங்கேதான் எலக்ட்ரானிக்ஸ் வருகிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்குக்கூட இதில் புரியாத பாகம் எதுவும் இல்லை. உடல் சூட்டின் அசைவை உணர்ந்து விழித்துக்கொள்ளும் கேமரா ஒன்று. சிம் கார்டு போட்ட மோடம் ஒன்று. ஆர்டுயினோ போன்ற சிறு கண்ட்ரோலர் போர்டு. அது சொன்னால் மூடித் திறக்கும் சுவிட்சான ரிலே. நம் வீட்டு யு.பி.எஸ். உள்ளே இருப்பதைப் போன்ற 12 வோல்ட் பேட்டரி. படம் செல்போனுக்கு வரும். பார்த்துவிட்டுக் கட்டளை அனுப்பினால் கதவு விழும்.

கதவை மேலே பிடித்து வைத்திருப்பது எது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மின்காந்தம். கரண்ட் இருக்கும்வரை கதவைப் பிடித்திருக்கும், நிறுத்தினால் விட்டுவிடும். மற்றொன்று கொக்கி. கதவு கொக்கியில் தொங்கும். கட்டளை வந்ததும் ஒரு சிறு சொலினாய்டு, அதாவது கம்பிச் சுருளுக்குள் இருக்கும் இரும்புத் தண்டு, கொக்கியை இழுத்துவிடும். கார் கதவின் பூட்டை இழுக்கும் மோட்டாரையே இதற்குப் போட்டிருப்பவர்களும் உண்டு.

மின்காந்தம் பலருக்குப் பிடிக்கிறது. தேயும் பாகம் இல்லை, துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். காந்தம் அரை ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி புதிதாக இருந்தாலும் 14 மணி நேரம்தான். பேட்டரி தீர்ந்ததும் கதவு தானாக விழும். அந்த நேரத்தில் உள்ளே பன்றிதான் இருக்கும் என்று யார் சொன்னது? பக்கத்துப் பண்ணையின் கன்றுக்குட்டி இருக்கலாம். யாருடைய நாயோ இருக்கலாம். இதைவிட மோசம், பேட்டரி போய்விட்டதால் மோடமும் செத்திருக்கும், கதவு விழுந்த செய்தியே வராது. டெக்சாஸ் கோடையில் 38 டிகிரிக்கு மேல் போகும் வெயிலில், நிழலும் தண்ணீரும் இல்லாத கூண்டில் எந்தப் பிராணியும் தாங்காது. பன்றிக்கு வியர்த்து உடலைக் குளிர்வித்துக் கொள்ளவும் வழியில்லை. தொல்லை தரும் விலங்கு என்பதற்காக அதை வேகவைத்துக் கொல்ல நமக்கு உரிமை கிடைத்துவிடாது.

எனவே கொக்கிதான் சரி என்பது என் உறுதியான கருத்து. பேட்டரி போனால் கதவு மேலேயே நிற்க வேண்டும். "வாரக்கணக்கில் சோளம் போட்டுவிட்டு, முக்கியமான இரவில் கதவு விழாமல் போனால்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போகட்டுமே. பன்றிகள் இலவசமாகத் தின்றுவிட்டு, பயப்படாமல் நாளைக்கும் வரும். ஒரு இரவுதான் நஷ்டம். தவறான நேரத்தில் விழுந்த கதவோ, வெளியே இருக்கும் கூட்டம் முழுவதையும் உஷார்ப்படுத்திவிடும். இரக்கத்தை விடுங்கள், பன்றி பிடிக்கும் கணக்கிலேயே கொக்கிதான் ஜெயிக்கிறது.

கொக்கி போட்டுவிட்டால் மட்டும் போதாது. மோடம் சிக்னல் அனுப்பும் நொடியில் அதிக கரண்ட் இழுக்கும். பேட்டரி பலவீனமாக இருந்தால் வோல்டேஜ் இறங்கி, போர்டு ரீஸ்டார்ட் ஆகும். போர்டு விழித்தெழும் அந்தக் கணத்தில், சரியான இடத்தில் ஒரு ரெசிஸ்டர் போடாவிட்டால், ரிலே ஒரு முறை "டிக்" என்று அடித்துவிட்டுப் போகும். கதவு விழ அந்த ஒரு "டிக்" போதும்.

கட்டளை வரும் வழியையும் பார்க்க வேண்டும். மலிவான வடிவமைப்புகளில், சிம்முக்கு ஏதாவது கால் வந்தாலே கதவு விழும்படி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கடன் வேண்டுமா, இன்சூரன்ஸ் வேண்டுமா என்று வரும் விளம்பர அழைப்புகளுக்குப் பஞ்சமில்லை. பாலிசி விற்பவர் பன்றிக் கதவை மூடுவார்! எஸ்.எம்.எஸ். பரவாயில்லை, ஆனால் அது உடனே போய்ச் சேரும் என்ற உத்தரவாதம் இல்லை. சிக்னல் இல்லாவிட்டால் நெட்வொர்க்கில் காத்திருந்து, இரவு 2 மணிக்கு அனுப்பியது காலை 7 மணிக்கு வந்து சேரலாம். அதற்குள் சோளம் கொட்ட ஆளே உள்ளே போயிருக்கலாம். கட்டளையில் ஒரு பாஸ்வேர்டும் அனுப்பிய நேரமும் இருக்க வேண்டும். ஒரு நிமிடத்திற்கு மேல் பழையது என்றால் போர்டு அதைத் தூக்கி எறிய வேண்டும். புரோகிராமில் நாலைந்து வரி வேலைதான் இது.

நெட்வொர்க்கே போய்விடுவதும் உண்டு. ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 2022 பிப்ரவரியில் தன் 3ஜி சேவையை நிறுத்தியது. அதை மட்டும் நம்பிய மோடம்களுக்கு அன்றோடு வேலை இல்லை. எனவே தினமும் மாலையில் "உயிரோடு இருக்கிறேன், பேட்டரி இவ்வளவு" என்று போர்டு ஒரு மெசேஜ் அனுப்பட்டும். வரவில்லை என்றால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்போது படத்தைப் பார்த்தே பன்றியா மானா என்று பிரித்துச் சொல்லும் சாப்ட்வேர்களும் வந்துவிட்டன. எண்ணிச் சொல்லட்டும், தூங்குபவரை எழுப்பட்டும். கதவை விடும் பட்டனை மட்டும் அதனிடம் கொடுக்க நான் தயாரில்லை. புதருக்குப் பின்னால் இன்னும் நாலு குட்டிகள் நிற்கின்றனவா, வேலி ஓரம் தெரிவது நாயா என்று சந்தேகப்படவும், சந்தேகம் வந்தால் காத்திருக்கவும் மனிதனுக்குத் தெரியும்.

கடைசியாக, ஆள் உள்ளே போகும்போதெல்லாம் கதவின் அடியில் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியைச் செருகிவிட வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் என்ன சொன்னாலும் அந்தக் கம்பி கதவை விடாது. எல்லாம் பொருத்தியதும் கம்பியை எடுத்துவிட்டு, வெளியே தள்ளி நின்று பேட்டரி வயரைப் பிடுங்குங்கள். மறுபடி மாட்டுங்கள். பத்து முறை இப்படிச் செய்தும் கதவு அசையாமல் நின்றால், மக்காச்சோள மூட்டையைப் பிரிக்கலாம்.