தாய்ப்பாலும் நமது நாணமும்

சென்ற மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் பஸ் வண்டியிற் சென்றுகொண்டிருந்தேன். ஆனையிறவு தாண்டியதும் முன்னிருக்கையில் இருந்த இளந்தாய் ஒருத்தியின் கைக்குழந்தை வீரிட்டழத் தொடங்கிற்று. அவள் சேலைத் தலைப்பால் மறைத்துப் பாலூட்ட முற்பட்டாள். அருகில் நின்ற பெரியவர் ஒருவர், "பிள்ளை, உதெல்லாம் வீட்டோடை வைச்சுக்கொள்ளக் கூடாதே?" என்றார். அவள் தலைகுனிந்து குழந்தையை விலக்கிக்கொண்டாள். கிளிநொச்சி வரும்வரை அது அழுதது. அவ்வண்டியில் எவரும் வாய் திறக்கவில்லை, நானுந்தான். அந்த மௌனத்துக்குக் கழுவாயாகவே இதனை எழுதுகின்றேன்.

தாய்ப்பாலைப் போற்றுவதில் நமக்கு நிகர் நாமே. சீகாழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு உமையம்மை ஞானப்பால் ஊட்டிய வரலாற்றைக் கேட்டு உருகுகின்றோம். மகன் புறமுதுகிட்டான் என்ற சொற் கேட்டு, அவன் பாலுண்ட மார்பை அறுத்தெறிவேன் எனச் சூளுரைத்த புறநானூற்று மூதாட்டியை மேடைதோறும் முழங்குகின்றோம். ஆயின் அதே நூலில் 164 ஆம் பாட்டை நாம் அத்துணை முழங்குவதில்லை. பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வறுமையைச் சொல்லும் பாட்டு அது. சமையலை மறந்த அடுப்பிலே காளான் பூத்திருக்கின்றது. பாலின்றி வற்றிய மார்பைச் சுவைக்குந்தோறும் குழந்தை அழுகின்றது. தாய் அதன் முகத்தைப் பார்க்கின்றாள். புலவர் அவள் கண்ணீரைப் பார்க்கின்றார். பார்த்தவர் அவளைக் கடியவுமில்லை, வாளாவிருக்கவுமில்லை. உதவி நாடிக் குமணனிடம் செல்கின்றார். பாலூட்டுவது தாயின் செயல். அவள் ஊட்டுதற்கு வேண்டியதைத் தேடித் தருவது சுற்றியிருப்போரின் கடன். இதுவே நான் சொல்ல வந்தது.

நம் வீடுகளில் ஆச்சிமார் இக்கடனை ஒருவாறு அறிந்திருந்தனர். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவும் முருங்கையிலையும் சரக்குக் கறியும் சமைத்துக் கொடுத்தனர். அவர்கள் செய்ததெல்லாம் சரி என்பேனல்லேன். நோயைத் தடுக்கும் ஆற்றல் மிக்க சீம்பாலைப் பழுதென்று பீய்ச்சி எறிந்தவர்களும் உண்டு. எனினும், தாயைத் தனியே விட்டுவிடலாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பின்னர்ப் பால்மாவும் போத்தலும் நாகரிகத்தின் அடையாளங்களாய் வந்தன. சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவப் பெண்மணி, 1939 ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் உரையாற்றி, அவ்விளம்பரங்களாற் சிசுக்கள் மடிவதை எடுத்துரைத்தார். அவ்வகை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சர்வதேச ஒழுக்கக்கோவை பிறந்ததோ 1981 இல். பிறந்த ஒரு மணி நேரத்துள் பாலூட்டத் தொடங்குக. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க. பிற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடர்க என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இதில் நம் நாட்டுத் தாய்மார் குறை வைத்தவரல்லர். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே உண்டனர். குறை வைப்பவர் நாமே. வேலைக்குத் திரும்பிய தாய் கந்தோரிலே கதவடைத்துப் பாலெடுக்க ஓரிடமின்றித் தவிக்கின்றாள். மகப்பேற்று நன்மைகள் சட்டம், தன் வரம்புக்குட்பட்ட தொழிலாளர்க்கு, குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை நாளில் இருமுறை பாலூட்டும் இடைவேளை அளித்துள்ளது. சட்டம் இடைவேளையைத் தரலாம். முகஞ்சுளியாத மேலதிகாரியைத் தரமுடியுமோ?

"நாணம் நம் பண்பாடன்றோ?" என்பாருளர். பண்பாடே. ஆனால் அந்தத் தாய் தன் நாணத்தைத் தன் சேலையாற் காத்துக்கொண்டாள். காக்கத் தவறியது நமது கண். பசித்த குழந்தையைக் கண்டு கூசும் கண்ணைத் திருத்துவதா, பசியைத் தள்ளிப்போடுவதா? உடல்நலக் குறைவாலோ வேறு காரணத்தாலோ பாலூட்ட இயலாத தாய்மாரும் உளர். அவர்களை இகழ்வதும் இதே குற்றத்தின் மறுபக்கமே.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைக்குழந்தையுள்ள ஆசிரியைக்கு நேரசூசியிற் சிறிது இடங்கொடுங்கள்; பூட்டக்கூடிய அறையொன்றை ஒதுக்குங்கள். 164 ஆம் பாட்டைக் கற்பிக்கும்போது வகுப்பிற் சிரிப்பெழுந்தால், பாடத்தை அவ்விடத்திலேயே நிறுத்தி, அந்தத் தாயின் பசியை மாணவர்க்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்த முறை பஸ் வண்டியிற் குழந்தை அழுதால் நான் வாளாவிருக்கப் போவதில்லை. எழுந்து யன்னலோரத்து இருக்கையைக் கொடுத்து, "பிள்ளை, நீ ஆறுதலாய் இருந்து பாலைக் குடு" என்பேன். அதற்குமேல் என்னால் ஆவது பெரிதொன்றுமில்லை. அன்று அதனைத்தானும் நான் செய்யவில்லை.