வாக்கிங் போறீங்க, சரி. தரையில உட்கார்ந்தா எழ முடியுதா?

கொஞ்சம் நீளமான இழை இது. நாற்பதைத் தாண்டினவங்களும், வீட்டுல வயசான அப்பா அம்மா இருக்கிறவங்களும் பொறுமையா படிங்க.

நான் அரசு மருத்துவமனையில சுகர், பிரஷர் ஓபி பார்க்கிற டாக்டர். எழுதுற சீட்டுல பாதிக்கு மேல, மாத்திரைக்குக் கீழே "தினமும் 45 நிமிஷம் வாக்கிங்"னு ஒரு வரி கட்டாயம் இருக்கும். வருஷக்கணக்கா எழுதிட்டு வர்றேன். அது தப்பில்லை. ஆனா பாதி வைத்தியத்தைத்தான் எழுதிட்டு இருந்தேன்னு எனக்குப் புரிய வெச்சது எங்க அம்மா.

அம்மாவுக்கு 61 வயசு. சுகர் கண்ட்ரோல்ல இருக்கு, எடையும் அதிகம் இல்லை. மழை பெய்தாத்தான் வாக்கிங்குக்கு லீவு. போன வருஷம் குலதெய்வம் கோயில்ல பொங்கல் வெச்சுட்டு எல்லாரும் தரையில உட்கார்ந்து சாப்பிட்டோம். முடிச்சதும் எல்லாரும் எழுந்தாங்க, அம்மா எழலை. கையை ஊன்றிப் பார்த்தாங்க, ஒரு பக்கமா சாய்ஞ்சு பார்த்தாங்க. கடைசியில சித்தி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமா பிடிச்சுத் தூக்கிவிட்டோம். "முட்டி வலிக்குதாம்மா?"ன்னு கேட்டேன். "வலியெல்லாம் இல்லடி, கால்ல தெம்பே இல்ல"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் வந்த ரெண்டு விசேஷத்துக்கும் ஏதேதோ காரணம் சொல்லி வரவே இல்லை. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு அப்புறம்தான் புரிஞ்சது.

தினமும் நடக்கிறவங்களுக்கு ஏன் தெம்பு இல்லாம போகுது?

வயசு ஏற ஏற தசை குறையும். 60க்கு மேல இது வேகமெடுக்கும். தசையின் அளவு குறையுறதைவிட அதோட பலம் இன்னும் வேகமா குறையும். இதுக்கு சார்கோபீனியான்னு பேர். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, சுகருக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனா சமதரையில நடக்கும்போது தொடைத் தசைக்கு விழுற சுமை தினமும் ஒரே அளவுதான். உடம்பு அதுக்கு எப்பவோ பழகியாச்சு. பழகின சுமைக்காகத் தசை புதுசா வளராது.

சுகர் இருக்கிறவங்க இதையும் கவனிங்க. நாம சாப்பிட்ட பிறகு ரத்தத்துல ஏறுற குளுக்கோஸின் பெரும்பகுதியை வாங்கி வெச்சுக்கிறது தசைதான். வேலை செய்யும் தசைக்கு, இன்சுலின் சரியா வேலை செய்யாத உடம்பிலும் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும் தனி வழி ஒண்ணு இருக்கு. தசை குறைஞ்சா குளுக்கோஸைச் சேர்த்து வைக்கிற இடமும் குறையும்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, பெரியவங்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சின்னு இருக்கு. அதோட வாரத்துல குறைஞ்சது 2 நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சின்னும் இருக்கு. முதல் பாதியை எல்லா டாக்டரும் சொல்றோம். ரெண்டாவது பாதியை ஜிம் பசங்களுக்குன்னு விட்டுட்டோம். நானும்தான்.

"இந்த வயசுக்கு மேல தசை வளருமா டாக்டரம்மா?"ன்னு கேட்பீங்க. 1990ல அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துல, முதியோர் இல்லத்துல இருந்த 90 வயசு ஒட்டின 10 பேருக்கு 8 வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தாங்க. முடிச்சவங்க 9 பேர். அவங்க கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடுச்சு. சின்ன ஆய்வுதான், ஆனா "எனக்கு வயசாயிடுச்சு"ன்னு யார் சொன்னாலும் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

இப்பவே ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. ஆடாத, கை வைக்காத நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போட்டு உட்காருங்க. கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கிட்டு, 5 தடவை முழுசா எழுந்து உட்காருங்க. 12 விநாடி அல்லது அதுக்கு மேல ஆச்சுன்னா கால் பலம் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019ல வகுத்த அளவு இது. வயசானவங்க செய்யும்போது பக்கத்துல ஆள் நிக்கணும்.

சரி, ஏன் டம்பெல்? இது என்னோட கருத்து. தண்ணி பாட்டில்லயே ஆரம்பிக்கலாம், தப்பில்லை. ஆனா ஒரு லிட்டர் பாட்டில் என்னைக்கும் ஒரு கிலோதான். டம்பெல்லோட பலமே எடையைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்த முடியுங்கிறதுதான். தட்டு மாத்துற மாதிரி ஒரு செட் வாங்கினா 2 கிலோவுல ஆரம்பிச்சு வருஷக்கணக்கா அதையே வெச்சு ஓட்டலாம். கட்டிலுக்கு அடியில போட்டுடலாம், கரண்ட் வேண்டாம், மாசச் சந்தா வேண்டாம். நம்ம ஊர்ல இளவட்டக்கல்லும் கர்லாக்கட்டையும் ஏற்கெனவே இருந்தது தானே? ("அந்தக் காலத்துல ஆட்டுக்கல்லுல அரைச்சாங்க, ஜிம்மா போனாங்க?"ன்னு சொல்றவங்களுக்கு: அரைச்ச பாட்டிகளோட இடுப்பு வலியை நான் ஓபியில பார்த்திருக்கேன். ஓய்வே இல்லாத வேலை வேற, பயிற்சி வேற.)

என்ன செய்யணும்? பெருசா ஒண்ணும் இல்லை. ஒரு டம்பெல்லை ரெண்டு கையாலும் மார்போட அணைச்சுப் பிடிச்சு, நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவா உட்காருங்க. ஒண்ணு மட்டும்தான் செய்ய நேரம் இருக்குன்னா இதைச் செய்யுங்க. பொத்துனு உட்காராதீங்க, மூணு எண்ணி இறங்குங்க. அந்த இறக்கத்துலதான் பாதி பலன். அடுத்தது, ஒரு கையைக் கட்டில்ல ஊன்றிக் குனிஞ்சு, இன்னொரு கையால டம்பெல்லை இடுப்புப் பக்கமா இழுக்கிறது, கிணத்துல தண்ணி சேந்துற மாதிரி. அப்புறம் தோளிலிருந்து தலைக்கு மேல தூக்கி இறக்குறது. கடைசியா ரெண்டு கையிலும் பிடிச்சுக்கிட்டு ஹாலுக்குள்ளயே நிமிர்ந்து நடக்கிறது. ஒவ்வொண்ணும் 8 முதல் 12 தடவை, ரெண்டு சுற்று. நடை மட்டும் ஒரு நிமிஷம். வாரம் 2 அல்லது 3 நாள், நடுவுல ஒரு நாள் இடைவெளி.

எடை எவ்வளவு? 12 தடவை முடிக்கும்போது "இன்னும் ரெண்டு மூணு முடியும், அதுக்கு மேல முடியாது"ன்னு தோணணும். ஒரு கிலோ பிங்க் டம்பெல்லை டிவி பார்த்துக்கிட்டே நூறு தடவை ஆட்டுறதால தசைக்கு ஒண்ணும் தெரியப் போறதில்லை. பெண்களே, கை ஆம்பளை மாதிரி ஆயிடுமோன்னு பயப்படாதீங்க. அதுக்கான ஹார்மோன் நம்ம உடம்புல ரொம்பக் குறைவு.

மூச்சை அடக்கித் தூக்காதீங்க, பிபி சட்டுனு ஏறும். தூக்கும்போது விடுங்க, இறக்கும்போது இழுங்க. கண்ட்ரோல் ஆகாத பிபி, சமீபத்துல ஹார்ட் அட்டாக், குடலிறக்கம், சுகரால விழித்திரையில ரத்தக் கசிவு இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்காம எடையைத் தொடாதீங்க. இன்சுலினோ க்ளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கிறவங்க வெறும் வயித்துல செய்யாதீங்க, லோ சுகர் ஆகலாம். ஆரம்பத்துல ரெண்டு மூணு நாள் தசை வலிக்கும், அது சகஜம். மூட்டுக்குள்ள குத்துற வலியோ நெஞ்சு வலியோ வந்தா உடனே நிறுத்திட்டு வாங்க. பக்கத்து அரசு மருத்துவமனையில பிசியோதெரபி பிரிவு இருந்தா, செய்முறையை ஒரு தடவை காட்டச் சொல்லிக் கேளுங்க.

புரோட்டீன் பவுடர் வேணுமான்னு கண்டிப்பா கேட்பீங்க. பெரும்பாலானவங்களுக்கு வேண்டாம். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் மூணு வேளையிலும் ஏதாவது ஒண்ணு இருக்கட்டும். கிட்னி பிரச்சனை இருந்தா அளவை உங்க டாக்டர் சொல்வார்.

அம்மா என்ன ஆனாங்க? டம்பெல்லைப் பார்த்ததும் "எதிர்வீட்டுக்காரி பார்த்தா என்ன நினைப்பா"ன்னு ஒரு வாரம் துணி போட்டு மூடி வெச்சாங்க. அப்புறம் காலையில குக்கர் விசில் வர்ற நேரத்துல சமையலறையிலேயே ஆரம்பிச்சாங்க. நாலு மாசத்துல 2 கிலோ 5 ஆச்சு. இப்ப தரையில உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆயுறாங்க. எழும்போது ஒரு கை இன்னும் முட்டியில ஊன்றத்தான் செய்யுது. போன வாரம் போன் பண்ணி, எதிர்வீட்டு ஆன்ட்டிக்கும் ஒரு செட் வாங்கிட்டு வரச் சொன்னாங்க.