தவணை தவறாத குடி

குடியைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் பேச்சு எழும்போதெல்லாம், தெருவில் விழுந்து கிடப்பவரையே நாம் மனத்திற் கொள்கிறோம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தும் இழை பிசகாமல் நெய்பவரையும், முண்டு மிளகாயைக் காலத்தில் பறித்து விற்றுக் கடனைத் தவணை தவறாமல் செலுத்துபவரையும் எண்ணுவதில்லை. "எவ்வளவு அருந்தினாலும் தள்ளாடமாட்டார்" என்று அவரைப் பாராட்டவும் செய்கிறோம். இப்பாராட்டு பெரும் பிழை என்பது நமது கருத்து.

கீழக்கரைப் பக்கத்துப் பனையேறிகள் அறிந்த செய்தி ஒன்று உண்டு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிடில் கள். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டு கலயமும் ஒன்றே. குடிநோயும் அவ்வாறே வெளித்தோற்றத்தில் புலப்படாதிருக்கலாம்.

தள்ளாடாமை வலிமையன்று, உடல் மதுவுக்குப் பழகிவிட்டதன் அடையாளம். அத்தகையவரின் ஈரலும் கெடும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறை 11 அறிகுறிகளைக் கூறுகிறது. குடியால் இடருறும் ஒருவரிடம் 12 மாதங்களுக்குள் அவற்றுள் இரண்டு காணப்பட்டாலே நோய் உண்டு என்பது அதன் முடிவு. வேலை கெட்டிருக்க வேண்டும் என்ற நியதி அதில் இல்லை. நினைத்ததற்கு மேல் குடிக்கிறாரா? குறைக்க முயன்று தோற்றாரா? முன்னைய அளவு போதாமற் போயிற்றா? குடிக்காத காலையில் கை நடுங்குகிறதா? இவற்றுக்கு விடை சங்கப் பேரேட்டில் இராது, வீட்டார் அறிவர்.

செல்வமும் குடிப்பெருமையும் இந்நோய்க்குக் காப்பாகா. சென்னையில் பெயர்பெற்ற வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த டி. டி. ரங்கநாதன் குடிநோயால் 1979-இல் மறைந்தார். அவருடைய மனைவியார் சாந்தி ரங்கநாதன், பிற குடும்பங்களுக்கு அத்துயர் வாராதிருக்க, 1980-இல் கணவர் பெயரால் சிகிச்சை நிலையம் கண்டார்.

ஆகவே அங்கத்தினர்களே, "வேலை கெட்டதா?" என்று கேட்பதை விடுத்து, "விட முடிகிறதா?" என்று கேளுங்கள். ஐயமுற்றால் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடுங்கள். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் வீறாப்பில் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் புத்தி மயக்கமும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவர் மேற்பார்வை இன்றியமையாதது.

நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம். நோயை ஒப்புக்கொண்டு சிகிச்சைக்குச் செல்பவருக்கு நூலையோ கடனையோ நிறுத்தலாகாது. நாணயம் போய்விடுமே என்ற அச்சமே பலரை மறைக்கச் செய்கிறது. அவ்வச்சத்தைப் போக்குவது கூட்டுறவின் கடமையாகும்.